பாகற்கொடி ஏறிய டிஷ்

எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், யாரும் வானிலை அறிக்கை கேட்பதில்லை. டிவி இருக்கிறது, அது போதும். நாடகத்தில் மாமியார் கண்ணை உருட்டிக்கொண்டிருக்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்தால், இன்னும் சற்று நேரத்தில் மழை. கூரையில் இருக்கிற டிஷ்ஷுக்கு அது நமக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். "மழை வருதுலா!" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் கிளம்பும். இரண்டு வரிசை வீடுகளிலிருந்தும் பெண்கள் கொல்லைக்கு ஓடித் துணிகளை அள்ளிக்கொண்டு வருவார்கள். கடைசிச் சட்டையை உருவும்போது முதல் சொட்டு விழும். இது தவறியதே இல்லை. தவறிய ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

லூபோக் சீனா என்கிற சின்ன ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது எங்கள் தாமான். பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வந்து வீடு வாங்கியவர்கள். நான் பத்து பெரண்டாம் என்கிற டவுனில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறேன். காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் சாயங்காலம்தான் வீடு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று தாமானில் எல்லாரும் சொல்வார்கள். வரத்தான் செய்யும். அவர்கள் யாரும் என் அக்காவுக்குத் தம்பியாகப் பிறக்கவில்லை.

அக்கா பின் வரிசையில், கடைசி வீட்டில் இருக்கிறாள். அத்தான் காலமாகிவிட்டார், பிள்ளைகள் சிங்கப்பூரில். எங்கள் அம்மா போன பிறகு குடும்பத்துக்கு அவள்தான் தலை. யார் வீட்டில் என்ன சமைக்க வேண்டும், எந்தத் திசையில் படுக்க வேண்டும், எல்லாம் அவள்தான் சொல்வாள். பாசமும் அதிகம், வாயும் அதிகம்.

என் மனைவிக்குச் சொந்த ஊர் கடற்கரையோரம் இருக்கிற கோலா சுங்கை பாரு. மாமனார் படகுக்காரர்களிடம் மீன் எடுத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விற்றவர். அந்த வீட்டில் மீன் குழம்புக்குப் புளி கரைக்க மாட்டார்கள். கொல்லையில் நிற்கிற பெலிம்பிங் மரத்திலிருந்து காய்களைப் பறித்து நறுக்கிப் போடுவார்கள். விரல் நீளத்தில், பச்சையாக, கடித்தால் காது வரைக்கும் கூசுகிற காய். கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் நம் தாளிப்புதான். ஆனால் இறக்கும்போது பக்கத்துக் கம்போங்கில், அந்த மலாய்க்காரக் கிராமத்தில், செய்கிற மாதிரி கொஞ்சம் கெசும் என்கிற வாசனை இலையையும் கிள்ளிப் போடுவார்கள். பெண் பார்க்கப் போன அன்று அந்தக் குழம்பைத்தான் ஊற்றினார்கள். பெண்ணைச் சரியாகப் பார்த்தேனா என்று எனக்கே ஞாபகமில்லை. குழம்பு ஞாபகமிருக்கிறது.

கல்யாணம் முடிந்து என் வீட்டில் அவள் முதன்முதலாக வைத்ததும் அதுதான். கெம்போங் மீன், அதாவது கானாங்கெளுத்தி, பெலிம்பிங் காய். பந்தியில் அக்கா ஒரு வாய் வைத்தாள். மோந்து பார்த்தாள். தட்டைத் தள்ளினாள்.

"இது என்னா, கொழம்பா, மலாய்க்காரங்க வைக்குற அசாம் பெடாஸா? நம்ம வீட்டுல புளி இல்லயா? கடைக்குப் போய் வாங்க ஆள் இல்லயா?"

எனக்கு வந்ததே கோபம்! எழுந்து நின்று கத்தினேன். அக்காவும் கத்தினாள். சாப்பிட வந்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு நழுவினார்கள். என் மனைவி மட்டும் கத்தவில்லை, அழவில்லை. அக்காவின் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்.

"இனிமே இந்த வீட்டுல இந்தக் கொழம்பு வேணாங்க. அண்ணி வாயால கேக்கட்டும். அன்னிக்கு வைக்கிறேன்."

ஒருநாள் கோபம், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். என் மனைவியை எனக்கு அப்போது தெரியாது. வருஷங்கள் போயின. பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போனார்கள். அவள் அக்காவிடம் ஒரு சுடுசொல் சொன்னதில்லை, தீபாவளிக்கு முதல் தட்டு முறுக்கு அங்கேதான் போகும். ஆனால் எங்கள் வீட்டில் புளிக் குழம்புதான். அம்மா வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்து நட்ட பெலிம்பிங் கன்று மரமாகி, அடிமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கும். அதைப் பறித்துப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவுக்குக் கொடுத்துவிடுவாள். எனக்கு ஆசை வந்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குத்தான் போக வேண்டும். சொந்த வீட்டில் மரத்தை வைத்துக்கொண்டு குழம்புக்குக் கடற்கரை வரைக்கும் போகிற மனுஷன் இந்த மாநிலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் தமிழ்ச் சானல் ஒன்றில் சமையல் போட்டி வந்தது. மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அவள் சமைப்பதைப் போனில் படம் பிடித்து அனுப்பிவைத்தான். கூப்பிட்டார்கள். போனாள். அடுத்த சுற்றுக்கும் கூப்பிட்டார்கள். எங்கள் தாமானே வாயைப் பிளந்து பார்த்தது. அக்கா மட்டும், "புளி எதுன்னு தெரியாதவளுக்குப் போட்டி ஒண்ணு கேடா?" என்றாள். அதுவும் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி.

இறுதிச் சுற்றைக் கோலாலம்பூரில் முன்கூட்டியே படம் பிடித்துவிட்டார்கள். ஒளிபரப்பாகும் வரை யாரிடமும் முடிவைச் சொல்லக்கூடாது என்று கண்டிப்பு. என் மனைவி பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தபோது முகத்தைப் பார்த்தேன். பசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்த முகம்தான்.

"ஜெயிச்சியா?"

"டிவியில பாருங்க."

"என்ன சமைச்சே, அதயாவது சொல்லேன்."

"டிவியில பாருங்க."

கெஞ்சினேன். மிரட்டினேன். ஒருநாள் ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று முறைத்துக்கொண்டு படுத்தேன். அவள் சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தைக் கழுவிவிட்டு, விளக்கை அணைத்தாள். பிறகு நான் இருட்டில் பிஸ்கட் டின்னைத் தேடினேன்.

ஒளிபரப்பு நாள் ஒரு சனிக்கிழமை. முன் வரிசையில் குடியிருக்கிற பாய், டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், கடையில் மாட்டியிருந்த பெரிய டிவியைக் கழற்றி வேனில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். கூடவே ஒரு பெரிய பானை நிறையத் தேநீர். எங்கள் முன்வாசலில் டிவியை வைத்து, கோயிலிலிருந்து நாற்காலிகளைக் கொண்டுவந்து ரோடு வரைக்கும் போட்டோம். அக்காவை அழைக்க நானே போனேன்.

"எனக்கு முட்டி வலி. நீங்க பாருங்க. நான் சாமி கும்பிட்டுட்டு வெள்ளனயே படுத்துருவேன்" என்றாள்.

திரும்பும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் பார்க்கப் போகிறது, பார்க்க வேண்டிய ஒருத்தி படுத்துத் தூங்கப் போகிறாள்!

நிகழ்ச்சிக்கு முந்தின விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சோப்பு நுரைத்தது. அப்படியே கட்டம் கட்டமாக உடைந்து, படம் நின்று, திரை கறுத்தது. சேவை இல்லை என்று மலாயில் ஒரு வரி வந்தது.

"மழை வருதுலா!"

நாற்காலிகள் சாய்ந்தன. பெண்கள் பட்டுப் புடவையோடு கொல்லைக்கு ஓடினார்கள். துணியை அள்ளிக்கொண்டு வந்து நின்று எல்லாரும் வானத்தைப் பார்த்தோம். ஒரு மேகம் இல்லை. நிலா துலக்கிவைத்த தட்டு மாதிரி இருந்தது. காற்றுக்கூட அடிக்கவில்லை. துணிமூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மழைக்குக் காத்திருந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மழை இல்லையென்றால் டிஷ் நகர்ந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த காரணங்கள் இந்த இரண்டுதான். நான் ஏணியைச் சாத்தி ஸ்பேனரோடு ஏறினேன். நட்டைத் தளர்த்தித் திருப்பினேன். "வந்துச்சா?" "இல்ல!" "இப்ப?" "இல்ல! கொஞ்சம் கோயில் பக்கம் திருப்பு!" நான் ஏறியதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் ஏறினார். அவரைப் பார்த்து அடுத்த வீடு. சற்று நேரத்தில் இரண்டு வரிசையிலும் கூரைக்கு ஓர் ஆள். "செம்பனைப் பக்கம்!" "பெட்ரோல் ஸ்டேஷன் பக்கம்!" "வந்துச்சா?" "இல்ல!" தாமான் முழுக்க ஒரே கூச்சல். என் மனைவி மட்டும் நாற்காலியை விட்டு அசையாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பாய் போனைப் பார்த்துவிட்டு, கீழே நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"தம்பி! எறங்கு எறங்கு! டிஷ்ஷுல ஒண்ணும் கோளாறு இல்ல. மேல செட்டலைட்டுலயே கோளாறாம். நாடு பூரா படம் இல்ல. சானல்காரங்களே போட்டிருக்காங்க!"

பூமியைப் பார்த்தபடி நிற்க வேண்டிய செயற்கைக்கோள், என்ன நடந்ததோ, வேறு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். கீழேயிருந்து கட்டளை அனுப்பிச் சரிசெய்துகொண்டிருக்கிறார்களாம். எனக்குக் கூரைமேல் நின்றபடியே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் ஒருத்தி இத்தனை வருஷமாக அப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கட்டளை அனுப்ப யாரும் இல்லை.

சரி, அவர்கள் பாடு என்று எல்லாரும் இறங்கி உட்கார்ந்தோம். பாய் தேநீர் ஊற்றினார். நேரம் ஓடியது. நிகழ்ச்சி பாதியைத் தாண்டியிருக்கும். திடீரென்று மச்சான் கோலா சுங்கை பாருவிலிருந்து கூப்பிட்டான்.

"மச்சான், படம் வந்துருச்சு! அக்கா சமைக்குது, பாக்குறீங்களா?"

எங்கள் டிவியைப் பார்த்தேன். கறுப்பு. "இங்க வரலயே!"

"வந்துருச்சு மச்சான், இங்க எல்லா வீட்டுலயும் ஓடுது. ஐயோ, அக்கா என்ன வைக்குதுன்னு தெரியுமா?"

"சொல்லாத!" என்று ரோடே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திப் போனை வைத்தேன். இத்தனை நாள் அவளிடம் வாங்க முடியாததைப் போனில் கேட்டு முடித்துக்கொள்ள எனக்கு மனசில்லை.

எல்லாருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது என்று நினைக்கிறேன். மெதுவாக எல்லாத் தலையும் கூரைப் பக்கம் திரும்பின. ஒரு டிஷ் கோயிலைப் பார்த்தது. ஒன்று செம்பனைக் காட்டைப் பார்த்தது. என்னுடையது நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. வானத்தில் கெட்டுப்போன செயற்கைக்கோளைச் சரிசெய்துவிட்டார்கள், நல்லாயிருந்த டிஷ்களை நாங்கள் எங்கள் கையாலேயே கெடுத்து வைத்திருக்கிறோம்.

போனில் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தோம். எங்கள் தாமான் இருப்பது பள்ளத்தில், போன் சிக்னல் ஒரு கோடுதான். எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்ததில் ஆளுக்கொரு வட்டம் சுற்றியதுதான் மிச்சம். நான் மறுபடி ஏணியில் பாதி ஏறி, எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் ஸ்பேனரை விட்டெறிந்தேன். அது பானையில் பட்டு ணங்கென்றது.

அப்போது என் மனைவி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணி வீட்டு டிஷ்ஷ யாரும் தொடல இல்ல?"

அக்காவின் டிஷ் கூரையில் இல்லை. ஓடு உடையும் என்று அவள் விடாததால், அத்தான் கொல்லையில் இரும்புக் கம்பம் நட்டு அதில் மாட்டினார். அந்தக் கம்பத்தில் அக்கா பாகற்கொடியை ஏற்றிவிட்டாள். கொடி கம்பத்தைச் சுற்றி, டிஷ்ஷின் முதுகைப் பிடித்து, திருகாணியே தெரியாமல் மூடிவிட்டது. முன்பக்கம் ஓர் இலை எட்டிப் பார்த்தால் அக்காவே கிள்ளிவிடுவாள். அதைத் திருப்ப வேண்டுமென்றால் கொடியை அறுக்க வேண்டும். கொடியை அறுத்தால் அக்கா நம்மை அறுத்துவிடுவாள். பாகற்காய்க்கு டிவியா, டிவிக்குப் பாகற்காயா என்று எத்தனை நாள் கிண்டல் செய்திருக்கிறோம்! இன்றைக்கு இரண்டு வரிசையிலும் நேராக நிற்கிற ஒரே டிஷ் அதுதான்.

என் மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் நான், பாய், பிறகு தாமானே. சில பேர் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா படுத்திருப்பாள், எழுப்ப வேண்டும், என்ன சொல்லி எழுப்புவது, திட்டினால் என்ன பதில் சொல்வது என்று நான் வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன்.

கதவு சாத்தியிருந்தது. விளக்கு இல்லை. ஆனால் ஜன்னலில் நீல வெளிச்சம் ஆடியது. கதவைத் தள்ளினேன்.

அக்கா டிவிக்கு முன்னால், கையெட்டும் தூரத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். சத்தத்தை ஈ பறக்கிற அளவுக்குக் குறைத்து வைத்திருந்தாள். திரையில் என் மனைவி. கையில் பெலிம்பிங் காய்.

"சானல் தானா வந்துச்சு" என்றாள் அக்கா.

பாய் வாயைப் பொத்திக்கொண்டார். நான் தயார் செய்த வசனமெல்லாம் மறந்துபோனது. படம் இல்லாத நேரம் முழுக்க, கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு அவள் இங்கே இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். என் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"நிக்கறீங்களே, உக்காருங்க. கொசு வருது, கதவ அடைங்க" என்று அதட்டிவிட்டு அவளே சத்தத்தைக் கூட்டினாள். அந்தச் சின்ன ஹாலில் தாமான் முழுக்க அடைந்துகொண்டோம். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

திரையில் குழம்பு கொதித்தது. கெசும் இலை விழுந்தது. அந்த வாசனை எனக்குக் கண்ணாடியைத் தாண்டி வந்தது, சத்தியமாக. நடுவர்களில் ஓர் அம்மா ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்து, கண்ணை மூடி, மறுபடி எடுத்தார்.

"இந்தப் புளிப்பு புளியோடது இல்லையே?"

"பெலிம்பிங்குங்க" என்றாள் திரையிலிருந்த என் மனைவி. "எங்க ஊரு கடற்கரைப் பக்கம். எங்கப்பா மீன் வித்தவரு. மிஞ்சுன மீனும் கொல்லையில கெடைக்குற காயும்தான் எங்க வீட்டுக் கொழம்பு."

"வீட்டில் அடிக்கடி வைப்பீங்களா?"

"இல்லீங்க. கேக்க வேண்டியவங்க கேட்டா வைப்பேன்."

தாமானில் யாருக்குத்தான் அந்தக் கதை தெரியாது? அத்தனை பேரும் டிவியையே முறைத்துப் பார்த்தோம், அக்கா பக்கம் தலை திரும்பிவிடக்கூடாதே என்று. ஓரக்கண்ணால் நான் பார்த்தேன். அக்கா முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு முடிவு அறிவிக்க ஆரம்பித்தார்கள். மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்து, மேளத்தை அடித்து, விளக்கை அணைத்து ஏற்றி, விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள். நான் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னேன். பாய் அதை ஆமோதித்தார். திரும்பி வந்தார்கள். மூன்றாம் இடம், அவள் இல்லை. முதல் இடம் என்று சொல்லி அறிவிப்பாளர் மூச்சை இழுத்தார்.

என் மனைவியின் பெயர்.

அதற்குமேல் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. ஜன்னலில் தொங்கியவர்கள் போட்ட சத்தத்தில் தோட்டத்து நாய்களெல்லாம் குரைத்தன. யாரோ தீபாவளிக்கு மிஞ்சிய பட்டாசை ரோட்டில் கொளுத்திவிட்டார்கள். பாய் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார், நான் லேசான ஆள் இல்லை. தலைகால் புரியாமல் நான் குதித்ததில் அக்காவின் சாமி மாடத்து மணி ஆடியது. என் பெண்டாட்டி! அசாம் பெடாஸ் என்று தள்ளிவிடப்பட்ட அதே குழம்பு! நாடு முழுக்கப் பார்த்துவிட்டது! பெருமையில் எனக்கு அழுகை வந்தது, அழுதேன், அதிலென்ன வெட்கம்.

கொஞ்சம் அடங்கியதும் அக்கா எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, என் மனைவிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அந்த மரத்துல இப்ப காய் கெடக்கா?"

"கெடக்கு அண்ணி." என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "கேக்கறீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், ஜன்னலில் அடுக்கியிருந்த முகங்களைப் பார்த்தாள்.

"ஆமாடி. கேக்கறேன்" என்றாள். சத்தமாக, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி.

மறுநாள் மதியம் எங்கள் வீட்டில் அந்தக் குழம்பு கொதித்தது. அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்ததற்கு எனக்குக் கரண்டியாலேயே ஒரு அடி விழுந்தது. அக்கா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்து, பேசாமல் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். வெளியே, தாமானே சேர்ந்து கூப்பிட்ட டிஷ் ரிப்பேர்க்காரர் வேனை நிறுத்தி, கூரைகளைப் பார்த்துவிட்டு, "என்னாலா இது, ஒவ்வொண்ணும் ஒவ்வொருத்தர் கூட கோவிச்சுக்கிட்டு நிக்குது?" என்று சிரித்தபடி வீடு வீடாகத் திருப்பிக்கொண்டு வந்தார். பின் வரிசை வரைக்கும் போனவர் அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"கடைசி வீட்டு டிஷ்ஷையும் பாத்துடறேன்! இந்தக் கொடிய மட்டும் வெட்டிடட்டுமா?"

அக்கா சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடினாள். முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ. "அதுல கை வச்சே, நடக்கறதே வேற!" என்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. குழம்பு வழிகிற கையைத் தூக்கிப் பிடித்தபடி திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்து, தட்டை என் மனைவி பக்கம் தள்ளினாள்.

"ஊத்து, இன்னொரு கரண்டி."

என் மனைவி சட்டியையே சாய்த்து ஊற்றினாள். நடுத்துண்டெல்லாம் அக்காவுக்குப் போய், எனக்கு வால்தான் மிஞ்சியது. அதையும் என் சொந்த வீட்டில், என் சொந்த நாற்காலியில் உட்கார்ந்து, முள் வரைக்கும் உறிஞ்சித் தின்றேன்.